மணவறைக்குக் கட்டிய முற்பணத்தைத் திரும்ப எடுப்பது எப்படி?

வணக்கம் உறவுகளே. தங்கச்சியின் கலியாணம் ஆவணியில் கல்லடியில் நடக்க இருந்தது. மணவறைக்கும் மண்டப அலங்காரத்துக்கும் கல்முனைப் பக்கத்து ஒருவரிடம் 75,000 ரூபாய் முற்பணம் கட்டினோம். வைகாசியில் மாப்பிள்ளையின் தகப்பனார் தவறிவிட்டார். ஆண்டுத் திவசம் முடியாமல் கலியாணம் இல்லை என்று பெரியவர்கள் சொல்ல, உடனேயே மணவறைக்காரருக்கு அறிவித்துவிட்டோம். "ஓம் தம்பி, வேற ஓடர் வந்தால் தாறன்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் போட்டார். அப்புறம் அதே நாளுக்கு வேறு கலியாணம் எடுத்து, மணவறைப் படத்தையும் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். இப்போது கேட்டால் முற்பணம் திருப்புவதில்லையாம்.

கையால் எழுதிய பற்றுச்சீட்டில் தொகையும் திகதியும் மட்டும்தான். அப்படி ஒரு நிபந்தனை எங்கேயும் இல்லை. ஏதும் செலவழித்திருந்தால் கழிக்கட்டும், அது நியாயம். மிச்சம் அப்பா நெல் விற்ற காசு, விட முடியாது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முதலில் அழைப்பதா, மத்தியஸ்த சபைக்குப் போவதா? குரல் பதிவை அங்கே ஏற்பார்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இப்படிக் காசு மீட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.