கலைச்சொல்: காப்பியத்தில் தீமையின் அடையாளமாக வரும் கோர எதிரிக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

இலக்கியத் திறனாய்வுச் சொற்பட்டியலில் இந்த ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. வீரகாவியத்தில் நாயகனுக்கு எதிரே நிற்கும், உடலே தாறுமாறான, தீமை முழுவதற்கும் அடையாளமாக வைக்கப்பட்ட பாத்திரத்துக்குச் சொல் வேண்டும். பழைய ஆங்கிலக் காப்பியத்துக் கிரெண்டல், பாரசீகக் காப்பியத்துச் சகாக், கந்தபுராணத்துச் சூரபதுமன் மூவருக்கும் பொருந்தவேண்டும்.

கையில் இருப்பவை எதுவும் சரிப்படவில்லை. 'அரக்கன்', 'அசுரன்' இரண்டும் குலப்பெயர்கள். வீடணனும் அரக்கன்தான், பிரகலாதனும் அசுரன்தான். 'எதிர்நாயகன்' என்பதை நாயகக் குணமில்லாத நாயகனுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'வில்லன்' திரைப்படத்தில் பழகிய சொல். ஆனால் தமிழில் பிரித்தால் வில்லை உடையவன், அதாவது இராமன்! இராமாயணக் கட்டுரையில் அதை எழுதினால் சிரிப்பார்கள்.

என் முன்மொழிவு: பிறழுரு. வினைத்தொகை, புணர்ச்சிச் சிக்கல் இல்லை. 'நெறி பிறழ்ந்தான்' என்று ஒழுக்கத்துக்கும் அதே வினை வருகிறது.

---

மறுமொழி 1

> என் முன்மொழிவு: பிறழுரு

ஐயா, இதை ஏற்க இயலாது. மருத்துவத் தமிழில் பிறவி உறுப்புக் குறைகளை எழுதும்போது 'பிறழ்வு' பரவலாக வருகிறது. நாம் இச்சொல்லைத் தீமையின் அடையாளத்துக்குக் கொடுத்தால் நாளைக்கு ஒரு குழந்தையின் மருத்துவக் குறிப்பில் இதன் நிழல் விழும். இலக்கியத்துக்கு உள்ளேயே நிற்கும் சொல்லாகத் தேடுவோம்.

'மறவுரு' எப்படி? அறத்துக்கு எதிர் மறம். வீரமும் மறம்தான். கிரெண்டல் வரும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில் இதே இரட்டைத்தன்மை உண்டு. 'ஆக்லாக்கா' என்ற ஒரே சொல் கிரெண்டலுக்கும் வருகிறது, அவனைக் கொன்ற நாயகன் பேயோவுல்ஃபுக்கும் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் முதலாவதை 'அரக்கன்' என்றும் இரண்டாவதை 'வீரன்' என்றும் பிரித்து எழுதி, கவிஞர் சேர்த்ததை வெட்டிவிடுகிறார்கள். மறம் என்றால் வெட்டவேண்டியதில்லை.

---

மறுமொழி 2

மறவுரு அழகுதான். ஆனால் மூன்று இடத்தில் இடறும். புறத்திணை படித்தவருக்கு மறம் புகழ்ச்சி. மறவர் ஒரு சமூகத்தின் பெயர். இதெல்லாம் தெரியாதவர் 'மறவாத உரு' என்று பிரிப்பார்.

சொல்லைத் தேடும் முன் பொருளை அளந்துகொள்வோம். மூன்று கேள்வி போதும். உடல் இயல்புக்கு மாறானதா? நாயகனின் நேர்ப்பகையா? அந்த உடலைக் காட்டித் தீமையையே கவிஞர் சுட்டுகிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் நாம் தேடும் பாத்திரம்.

கிரேக்கக் காப்பியமான ஒடிசியின் ஒற்றைக்கண் பாலிபீமசு முதலிரண்டில் தேறுவான், மூன்றாவதில் தடுமாறுவான். விருந்தோம்பல் முறை தெரியாத காட்டான் அவன். ஒடிசி முழுவதற்குமான தீமை அவன் தோளில் இல்லை. பழைய மெசொப்பொத்தேமியக் கில்கமேசு காவியத்தின் உம்பாபா இன்னும் சிக்கல். தேவதாரு வனத்துக்கு என்லில் என்ற தெய்வம் வைத்த காவலன் அவன். அவனைக் கொன்றதற்குத் தெய்வங்கள் சினக்கின்றன. 2014இல் வெளியான ஒரு களிமண் பலகையில், காட்டு உயிர்களின் ஒலியையே அரசவை இசையாகக் கேட்டு மகிழும் மன்னனைப் போல அவன் காட்டப்படுகிறான். கிரெண்டல் மூன்றிலும் தேறுகிறான்: விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனின் வழிவந்தவன் என்று கவிஞரே முத்திரை குத்திவிடுகிறார்.

இராவணன்? பத்துத் தலை உண்டு, பகை உண்டு. ஆனால் யானைகளோடு மோதிய மார்பும், மலையை எடுத்த தோளும், நாரதர் மெச்சப் பாடிய நாவும் என்று கம்பர் அடுக்கிவிட்டு, முதல்நாள் போரில் அத்தனையும் இழந்து வெறுங்கையோடு திரும்புகிறான் என்கிறார். அங்கே தலைகளின் எண்ணிக்கை தீமைக்குச் சான்றாக நிற்கவில்லை. அவனைப் பட்டியலில் சேர்க்கவேண்டாம் என்பது என் கருத்து. சண்டைக்கு வருபவர்கள் தனி இழையில் வரவும்.

---

மறுமொழி 3

அளவுகோல் கிடைத்துவிட்டது, சொல் இதோ: கொடுவுரு.

'கொடு' என்பதற்கு வளைந்த என்பது பொருள். செங்கோல் நேரானது, கொடுங்கோல் வளைந்தது. அந்த வளைவிலிருந்துதான் கொடுமை. புலிக்குச் சங்கப் பாடல்களில் கொடுவரி என்று பெயர். வளைந்த வரிகளை உடையது. உடல் கோணலும் மனக் கோணலும் ஒரே வேரில் ஏற்கெனவே இருக்கின்றன. உம்பாபாவின் முகத்தைச் சுருண்ட குடலாகவே வடித்த ஒரு களிமண் உரு மெசொப்பொத்தேமிய நகரான சிப்பாரில் கிடைத்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலியாட்டின் குடல் இப்படித் தெரிந்தால் என்ன நிமித்தம் என்று அதன் பின்புறம் எழுதியிருக்கிறது. கோர உருவுக்கான இலத்தீன் சொல் 'மான்சுட்ரும்' முதலில் குறித்ததும் நிமித்தத்தைத்தான்.

---

மறுமொழி 4

> கொடுவுரு

புணர்ச்சி தவறு. கொடுமை + உரு என்று பண்புப்பெயர்ப் புணர்ச்சிப்படி போனால் ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டி 'கொட்டுரு' என்றாகும். நெடுமை + இலை நெட்டிலை ஆனதுபோல. கொட்டுரு என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. வல்லெழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்த்து இனம் மிகவிடலாம்: கொடும்பகை.

---

மறுமொழி 3 எழுதியவர்

நிலைமொழி கொடுமை அன்று, 'கொடு' என்ற அடியே. தனிக்குறிலை அடுத்த உகரம் என்பதால் முற்றியலுகரம். உயிர் வந்தால் வகர உடம்படுமெய். திரு + உரு = திருவுரு ஆவதுபோல. கோயிலில் திருவுரு, காப்பியத்தில் கொடுவுரு. எதிர்ச்சொல் இணையும் தானாக அமைகிறது.

கொடும்பகையில் இரண்டு குறை. 'இரு வீட்டாருக்கும் கொடும்பகை' என்பது அன்றாட வழக்கு, ஆளைக் குறிக்காது. உடலும் விடுபட்டுப் போகிறது. கொடுவுருவுக்குக் கொடுவுருக்கள் என்று பன்மை வரும். ஆண்பால் விகுதி இல்லாததால் கிரெண்டலின் தாய்க்கும் பாபிலோனியப் படைப்புக் காவியத்தின் தியாமத்துக்கும் தாடகைக்கும் அப்படியே பொருந்தும்.

---

மறுமொழி 5

இலக்கணம் தீர்ந்தது. ஆனால் வள்ளுவர் குறுக்கே நிற்கிறாரே! 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்கிறார். நேரான அம்புக்குக் கொடிது, வளைந்த யாழ்த்தண்டுக்குச் செவ்விது. சொற்களின் மூலப்பொருளைத் தலைகீழாக்கி, வடிவத்தைப் பார்த்து எடைபோடாதே என்கிறார். கயவரைப் பற்றிச் சொல்லும்போதும் 'மக்களே போல்வர்' என்றுதான் தொடங்குகிறார். கொம்போ கோரைப்பல்லோ இல்லை. வளைந்த உடல் என்றால் கெட்டவன் என்பதை நாமே சொல்லாக்கி அச்சடிக்கலாமா?

---

மறுமொழி 2 எழுதியவர்

அம்மா, அந்தக் குறளுக்காகவே இச்சொல் வேண்டும் என்பேன். வளைவையும் கொடுமையையும் ஒன்றாக்குவது கவிஞர் கையாளும் உத்தி. உத்திக்குப் பெயர் இருந்தால்தான் ஒரு கவிஞர் அதை எங்கே கையாள்கிறார், எங்கே உடைக்கிறார் என்று காட்டமுடியும். 'இராவணன் கொடுவுரு அல்லன்' என்ற வாக்கியத்தை எழுதவாவது சொல் தேவை.

உள்பிரிவு ஒன்றையும் சேர்க்கவேண்டும். கிரெண்டலுக்குக் கோரம் வம்சத்தில் வருகிறது. பாரசீகக் கவிஞர் பிர்தௌசியின் சகாக் மனிதனாகப் பிறந்தவன். தந்தையைக் கொல்லச் சம்மதித்து அரியணை ஏறிய பிறகு இப்லீசு என்ற சாத்தான் அவன் தோள்களை முத்தமிட, அங்கே இரு பாம்புகள் முளைக்கின்றன. அவற்றுக்கு நாள்தோறும் மனித மூளை இரை. இங்கே வினை முந்துகிறது, உடல் பின்னால் கோணுகிறது. முதலாவது பிறவிக் கொடுவுரு, இரண்டாவது வினைக் கொடுவுரு. மில்டனின் சாத்தான் இரண்டாம் வகை. 'இழந்த சொர்க்கம்' காப்பியத்தின் பத்தாம் படலத்தில், மனிதரை வீழ்த்திய வெற்றியை அறிவித்த வாயிலிருந்து சீறல்தான் வருகிறது.

கந்தபுராணம் வேறு பாதை. மாமரமாக நின்ற சூரன் இரு கூறாகி மயிலும் சேவலும் ஆகிறான். கொடுவுரு திருவுருவின் ஊர்தியாகவும் கொடியாகவும் மாறிவிடுகிறது. இதற்கு 'உருமீட்பு' என்று வைக்கலாமா? இன்னும் சிறந்ததாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

---

தொகுப்பு வரைவு (திருத்தலாம்)

கொடுவுரு, பெயர்ச்சொல், பன்மை கொடுவுருக்கள். காப்பியத்தில், இயல்புக்கு மாறான உடலைத் தீமையின் அடையாளமாகக் கொண்டு நாயகனுக்கு நேர்ப்பகையாக நிற்கும் பாத்திரம். வகை: பிறவிக் கொடுவுரு, வினைக் கொடுவுரு. ஒரு பகைவரை அவ்வாறு சித்திரிக்கும் செயல்: கொடுவுருவாக்கம். உண்மை மனிதரின் உடலைக் குறிக்க ஆளவேண்டாம். 'அரக்கன்', 'அசுரன்' குலப்பெயராக மட்டும். 'வில்லன்' நாடகம், திரைப்படம் பகுதிக்கு மாற்றப்பட்டது. 'உருமீட்பு' நிலுவையில்.