ஃபூக்கோ ஊசலுக்கு 175 வயது: கிளிநொச்சியில் தொங்கவிட்டால் பூமி சுற்றுவது தெரியுமா?

வட்டக்கச்சி ரீச்சர்
பூமி சுற்றுவதை ஊசலால் காட்டலாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ பரிசில் அறிவித்தது 1851 பெப்ரவரி 3. 2026இல் 175 வருடம். உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளை வைத்து மண்டபத்தில் ஒன்று கட்ட யோசிக்கிறோம். பீமிலிருந்து நிலத்துக்கு 5 மீற்றர். 7.26 கிலோ எறிகுண்டும் சைக்கிள் பிறேக் கம்பியும் கையில் இருக்கு. இரண்டு பாடவேளைக்குள், அதாவது 80 நிமிடத்தில், ஊசல் ஆடும் திசை மாறுவது கண்ணுக்குத் தெரியுமா?

கனகராயன்
மாறுவது தெரியும் ரீச்சர். மாற்றுவது பூமிதானா என்பதில்தான் சிக்கல்.

ஆடும் தளம் மணிக்கு 15 பாகை × அகலக்கோட்டின் சைன் என்ற வீதத்தில் திரும்பும். பரிசில் அது 11.3 பாகை. கிளிநொச்சி 9.4 பாகை வடக்கு, சைன் 0.163, ஆகவே மணிக்கு 2.45 பாகைதான். முழுச் சுற்றுக்கு ஆறு நாள் வேண்டும். 30 செ.மீ. வீச்சத்தில் 80 நிமிடத்துக்கு 17 மி.மீ. விலகல், மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக. வீச்சம் குறைந்துகொண்டே போகுமென்பதால் மி.மீ. அளக்காமல் கோணத்தை அளவுங்கோ.

குழப்புவது நீள்வளையம். குண்டு நேர்கோட்டில் ஆடாமல் ஒடுங்கிய நீள்வளையத்தில் ஆடினால், அந்த நீள்வளையமே தானாகத் திரும்பத் தொடங்கும். வீதம்: (3/8) × கோண அதிர்வெண் × a × b ÷ L². இதில் a நீள்வளையத்தின் அரை நீளம், அதாவது வீச்சம்; b அதன் அரை அகலம்; L ஊசலின் நீளம். இதை ஆங்கிலேய வானியலாளர் எயரி கணித்ததும் அதே 1851இல், அதற்கும் 175 வருடம்தான். அவருக்கு யாரும் விழா எடுப்பதில்லை! உங்கள் 5 மீற்றரில் a 30 செ.மீ., b வெறும் 2 மி.மீ. என்று போட்டுப் பாருங்கோ: மணிக்கு 2.6 பாகை. பூமி தருவதை விடக் கூட. குண்டு இடஞ்சுழியாக வளைந்தால் பூமியின் விளைவு அழிந்துபோகும், வலஞ்சுழியாக வளைந்தால் இரட்டிக்கும். பிள்ளைகள் 5 பாகை கண்டு கைதட்டுவார்கள், அதில் பாதி பொய்.

முத்தையன்கட்டு
அந்த b எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வேலை சுலபம்.

பிறேக் கம்பி வேண்டாம். பல இழை முறுக்கியது, பாரம் ஏறியதும் முறுக்கு அவிழ்ந்து குண்டு சுழலும். கட்டுக்கம்பியும் சரிவராது, மடிந்த இடம் நிமிராது. 1 மி.மீ. ஒற்றை இழை உருக்குக் கம்பி எடுங்கோ. மேலே கொக்கியில் கொளுவினால் ஒரு திசையில் இலகுவாகவும் குறுக்கே இறுக்கமாகவும் ஆடும். நீள்வளையம் அங்கேயே பிறந்துவிடும். கம்பியைக் கவ்வ, பழைய துளை இயந்திரத்தில் துளையலகைப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடியை (chuck) தடித்த தகட்டில் வெல்டிங் பண்ணி, தகட்டைக் கொங்கிறீற் பீமில் நான்கு போல்ட்டால் இறுக்குங்கோ. தகரக் கூரையின் இரும்புச் சட்டத்தில் கட்டினால் சட்டமும் சேர்ந்து ஆடும். குண்டுக்கு நடு மையத்தினூடாகத் துளை வேண்டும், கடைசல் பட்டறையில் கொடுங்கோ.

கையால் தள்ளவே கூடாது. குண்டைப் பருத்தி நூலால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, துளியும் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து, நூலைத் தீக்குச்சியால் எரியுங்கோ. வாடைக்காற்று அடிக்கும் மாதம், யன்னலும் மின்விசிறியும் பூட்டு. சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைகளை விலக்கி வையுங்கோ. 7 கிலோ இரும்பு.

ஃபூக்கோவுக்கே 1851 ஜனவரி 3இல் கம்பி அறுந்தது. 8ஆம் திகதி அதிகாலை 2 மணிக்குத்தான் சரிவந்தது.

வட்டக்கச்சி ரீச்சர்
நன்றி. கிடைத்த விடை பூமியுடையதுதான் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

கனகராயன்
வடக்கு-தெற்காக, கிழக்கு-மேற்காக, பிறகு இரண்டுக்கும் இடையில் என்று மூன்று தரம் விடுங்கோ. பூமி எல்லாத் திசையிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் திருப்பும். பிடியில் பிழை என்றால் திசைக்குத் திசை மாறும், சிலவேளை எதிர்ப்பக்கமும் போகும். அதோடு குண்டுக்கு அடியில் மி.மீ. தாள் விரித்து, குண்டு நடுவைக் கடப்பதைத் தொலைபேசியில் வீடியோ எடுங்கோ. நடுப்புள்ளியிலிருந்து விலகுவதுதான் b. 1 மி.மீ.ஐத் தாண்டினால் நிறுத்தித் திரும்ப விடுங்கோ. வீச்சத்தை 15 செ.மீ. ஆக்கினால், அதே b-க்கு நீள்வளையத்தின் தொல்லை பாதியாகும்.

இரணைமடு
சின்ன வகுப்புகளுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். அவர்களுக்கு ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் இருக்கு: பகல் 12.09 அளவில் கிளிநொச்சியில் சூரியன் உச்சிக்கு நேரே. தூக்குக் குண்டு பிடித்து நிமிர்த்திய 1 மீற்றர் தடிக்கு நிழல் அடியோடு ஒட்டிவிடும். ஆனால் அன்றே வவுனியாவில் நிழல் அளந்து பூமியின் சுற்றளவைக் கணிக்கப் போகாதேங்கோ. அங்கே நிழல் 12 மி.மீ. அளவுதான் இருக்கும், சூரியனின் அகலத்தால் நிழல் விளிம்பு மங்குவதே 9 மி.மீ.