பி.டி. வகுப்புக்கு முன் இன்ஹேலர்: உங்கள் பள்ளியில் எப்படி?

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. ஓடி முடித்து உட்கார்ந்த ஐந்து, பத்து நிமிடத்தில் இருமல் பிடிக்கும், நெஞ்சில் விசில் சத்தம், கழுத்துக்குழி உள்ளே இழுக்கும். சளி என்று நினைத்து ஒரு வருடம் இருமல் மருந்தாக ஊற்றினோம்.

இப்போது டாக்டர், இது ஓடி விளையாடினால் வரும் ஆஸ்துமா என்று சொல்லி, விளையாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்து) இரண்டு பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் நன்றாகவே கேட்கிறது. குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்தது. மூச்சை எண்ணுவது தங்கையின் வேலை!

சிக்கல் பள்ளியில்தான். பி.டி.க்கு முந்தைய வகுப்பு கணக்கு, நடுவில் எழுந்து போக விடுவதில்லை. இன்ஹேலரோ அலுவலக பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. "பம்ப் அடிக்கிற பையன் ஓரமா உட்காரட்டும்" என்கிறார் பி.டி. சார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

உங்கள் பிள்ளைகள் பையிலேயே வைத்துக்கொள்கிறார்களா? டாக்டர் கடிதம் கொடுத்தால் பள்ளி கேட்கிறதா, அதில் என்ன எழுதி வாங்கினீர்கள்?

இன்னொன்று. அடுத்த மாதம் கபடிப் பயிற்சி வாரத்துக்கு ஐந்து நாள். சால்பியூட்டமாலைத் தினமும் எடுத்தால் பலன் குறையும், தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். "பழகிவிடும்" என்று மாமியாருக்கு பயம். தொடங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள். கைவைத்தியம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ், எல்லாம் பார்த்தாயிற்று.