ஒரே மலேரியா: டிரைவருக்கு மூன்று நாள் காய்ச்சல், எனக்கு ஐசியூ. ஏன்?

கேள்வி:
கானாவில் இரண்டு வருடமாக வேலை. போன மாதம் காய்ச்சல் வந்தது, சென்னையில் ஏற்கனவே இரண்டு தடவை மலேரியா வந்து போனவன்தானே என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பேச்சு குழறி நினைவு தப்பி, கண் திறந்தால் ஐசியூ. அதே வாரம் எங்கள் கானாக்கார டிரைவருக்கும் மலேரியா, அவர் மாத்திரை போட்டுக்கொண்டு நான்காம் நாள் வண்டி எடுத்துவிட்டார். எப்படி?

பதில் (லேப்காரன்):
சென்னையில் வந்தது அநேகமாக வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி. கானாவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம், அது வேறு ஜாதி. அது புகுந்த சிவப்பணுவின் மேல் குட்டி முண்டுகள் எழும்பும், அதிலுள்ள ஒரு புரதம் பிசின் மாதிரி நுண் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தால் மண்ணீரல் பிடித்து அழித்துவிடும், அதற்குத்தான் இந்தப் பதுங்கல். மூளையில் அப்படி அடைத்தால் உங்கள் கதைதான். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ரத்த ஸ்லைடில் பெரும்பாலும் மோதிரம் மாதிரி இளம் கிருமிகள்தான் தெரியும், முற்றியவை உள்ளே ஒட்டிக் கிடக்கும், அதனால் எண்ணிக்கை குறைவு என்று நான் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.

பதில் (முதுகலை மாணவி):
டிரைவர் விஷயம்: அந்தப் பிசின் புரதத்துக்குக் கிருமியிடம் சுமார் 60 மரபணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு சட்டை மாதிரி, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சட்டைதான் போடும். நம் உடம்பு அதற்கு ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தயாரிப்பதற்குள் சட்டையை மாற்றிவிடும். சின்ன வயதிலிருந்து கடிபட்டு வளர்ந்தவருக்குப் பல சட்டைகள் பழக்கம். கிருமி உள்ளே இருக்கும், ஆளைச் சாய்க்காது. 1961-ல் காம்பியாவில் பெரியவர்களின் ஆன்டிபாடியை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றினார்கள், கிருமி சரசரவென்று குறைந்தது. ஆனால் அதே ஊர்ப் பெண்கள் முதல் கர்ப்பத்தில் மறுபடி மாட்டுவார்கள், நஞ்சுக்கொடியில் ஒட்டும் சட்டை அதுவரை உடம்பு பார்க்காதது.

கேட்டவர்:
அப்போ சென்னையில் பட்டதெல்லாம் வீணா?

பதில் (லேப்காரன்):
ஃபால்சிபாரத்துக்கு அதை நம்பாதீர்கள். கானாக்காரரே லண்டனில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பினால் படுத்துவிடுவார், அந்த எதிர்ப்பு தேய்ந்துபோகும். கொசுவலை, டாக்டர் சொல்லும் தடுப்பு மாத்திரை, அப்புறம் காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை. டிரைவர் முதல் நாளே மாத்திரை போட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள்.