குட்டியைச் சேர்க்காத ஆடுகள்: செம்பவாங் பட்டியில் கண்டது

எழுபதுகளில் சிங்கப்பூரின் செம்பவாங் பக்கத்துக் கம்பம் (சிற்றூர்) ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது, அப்பா இருபதுக்கும் மேற்பட்ட ஆடுகளை வளர்த்து வீடுவீடாகப் பால் ஊற்றிவந்தார். அவற்றுள் செவலை என்று நாங்கள் அழைத்த பெட்டை, தலையீற்றில் தன் குட்டியை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. குட்டி மடியை நாடிய ஒவ்வொரு முறையும் காலை உதறி விலகிப் போனது. பார்க்க வந்தவர்கள் அதைப் பாவி என்றார்கள். வாயில்லாச் சீவனை அப்படிச் சொல்லக்கூடாது என்று அம்மா கண்டித்தது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

அந்த முதல் ஈற்றில் தவறு எங்களுடையதுதான் என்பதை நான் மிகவும் பிந்தியே உணர்ந்தேன். அன்றிரவு கனமழை பெய்ததால், குட்டி குளிரில் விறைத்துவிடும் என்று அஞ்சிய அண்ணன் அதை வீட்டுக்குள் தூக்கிச் சென்று, வெந்நீரில் கழுவித் துவட்டி, வெகுநேரம் கழித்தே தாயிடம் விட்டார். ஆடும் செம்மறியும் தம் குட்டியை மணத்தால் அறிகின்றன. பனிக்குட நீரை நக்கும் முதல் ஓரிரு மணி நேரத்தில்தான் அந்த உறவு முடிச்சிடப்படுகிறது. குட்டி வெளிவரும்போது பிறப்புப் பாதை விரிவதால் தாயின் மூளையில் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் சுரந்து, புதிய மணத்தை ஏற்கும் நிலை உண்டாகிறது. ஆய்வாளர்கள் செம்மறிகளின் பிறப்புப் பாதையைச் செயற்கையாகத் தூண்டியபோது, அவை வேற்றுக் குட்டியையும் ஏற்றுக்கொண்டன என்று 1983ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. நாங்களோ அந்த மணத்தையே கழுவிவிட்டிருந்தோம்.

ஆனால் செவலையின் இரண்டாம் ஈற்றில் மழையும் இல்லை, யாரும் குட்டியைத் தொடவும் இல்லை; அப்போதும் அது சேர்க்கவில்லை. அப்பா அதைத் தூணில் கட்டி, பின்னங்காலைப் பிடித்துக்கொண்டு பல நாள் ஊட்டவைத்தார். குட்டி பிழைத்தது என்றாலும் செவலை அதை ஒருமுறையும் நக்கிக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு வேறு இரண்டு பெட்டைகளும் தலையீற்றில் அவ்வாறே நடந்துகொண்டன. அவற்றில் ஒன்று மறு ஈற்றில் திருந்தியது. இம்மூன்றுக்கும் தாய் வேறுவேறு. ஆயினும் தகப்பன் ஒன்றே: நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த எங்கள் கிடாய். மூன்று ஆடுகளைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது என்பதையும், அவை மூன்றும் ஒரே நெருக்கடியான கொட்டிலில் வளர்ந்தவை என்பதையும் நான் மறக்கவில்லை. தாய்மை நடத்தையில் மரபின் பங்கு பெரும்பாலும் சிறியது. தலையீற்றின் அச்சமும் இடநெருக்கடியும் அனுபவமின்மையும் அதைவிட வலுவாகச் செயல்படக்கூடும். இருந்தாலும் அந்தக் கிடாயை அப்போதே கவனித்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஈனாத விலங்கின் தாய்மைக் குணத்தைக் கண்ணால் காண முடியாது. அதன் மகள்கள் ஈனும்போதுதான் அது வெளிப்படும்.

இதைப் பற்றி எலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் என்னை வியக்கவைத்தன. 1996இல் ஃபாஸ்பி என்ற மரபணுவை இழந்த தாய் எலிகள் தம் குட்டிகளைக் கூட்டில் சேர்த்துக் காக்காமல் விட்டன. 1999இல் பெக்3 என்ற மரபணு பற்றிய முடிவு வெளிவந்தது. தகப்பனிடமிருந்து வந்த நகல் மட்டுமே இயங்கும் அந்த மரபணு பழுதானபோதும் தாய்மை குன்றியது. பின்னர் வேறோர் ஆய்வுக்குழு அதே மரபணுவை வேறு வகையில் செயலிழக்கச் செய்தபோது அந்தக் குறை தென்படவில்லை. ஆகவே ஒரே மரபணுவின் மீது பழி போடுவதை நான் ஏற்பதில்லை. பல மரபணுக்களின் சிறுசிறு பங்கும் சூழலும் சேர்ந்தே இதை ஆக்குகின்றன.

பக்கத்தில் பன்றி வளர்த்த சீனக் குடும்பத்துப் பெரியவர் அப்பாவிடம் மலாயில் சொன்ன ஒன்றும் நினைவுக்கு வருகிறது. தலையீற்றுப் பன்றி சில வேளைகளில் குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிடும் என்பதால், அது ஈன்று முடிக்கும்வரை குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்து, அது அமைதியடைந்த பின் மடியில் விடுவாராம். இந்தக் கொடிய நடத்தைக்கான மரபுக் கூறுகளை ஆய்வாளர்கள் பன்றிகளில் தேடியிருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் கடும் மனநோயைப் புரிந்துகொள்வதும் அத்தேடலின் நோக்கங்களுள் ஒன்று. அந்தப் பெண்களைப் பாவிகள் என்று சொல்லும் வாய்களை நானும் கேட்டிருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் அதையும் கண்டித்திருப்பார்.

அப்பாவின் பால் கணக்கு நோட்டு இன்னும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறது. எந்தப் பெட்டை எந்த நாளில் ஈன்றது, எவ்வளவு கறந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. எந்தக் கிடாய்க்குப் பிறந்தது என்று ஒரு வரிகூட இல்லை. கம்பத்தைக் காலி செய்தபோது செவலையைக் கறிக்கு விற்றோம். பொட்டுக் கிடாயின் மகன்களை, திடகாத்திரமானவை என்று, மற்றப் பட்டிக்காரர்கள் இனவிருத்திக்காக வாங்கிச் சென்றார்கள்.