ஒட்டுசுட்டான் வீட்டுக் குழு: பெரியப்பாவின் பற்றரி

தம்பி: அக்கா, பெரியப்பாவின் இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கரின் பற்றரி முடியப் போகிறதாம். புதன்கிழமை மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் பொறுப்போம் என்கிறார்.

பெரியப்பா: மாமா அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். பற்றரியே வேண்டாமாம், இதயத் துடிப்பிலேயே ஓடுமாம். அது வரும்வரை பொறுத்தால் என்ன?

பெரியம்மா: 2009 இலிருந்து இவருடைய தோளில் ஓர் எறிகணைச் செல் துண்டு கிடக்கிறது. இந்த உடம்பை இன்னும் எத்தனை தரம் வெட்டுவது?

நான்: இப்போதுதான் லாப் முடிந்து வந்தேன். பெரியப்பா, வீடியோவில் உள்ளது உண்மைதான். 2019 இல் சீன ஆய்வாளர்கள் பன்றியின் இதய அறைக்குள், பற்றரி இல்லாமல் துடிப்பிலேயே ஓடி அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சரை வைத்துப் பார்த்தார்கள். சீப்பைத் தலையில் உரசினால் கடதாசித் துண்டு ஒட்டுமே, அந்த மின்சாரம்தான். உள்ளே மெல்லிய படலங்கள் இருக்கும். இரத்தம் அமுக்கும்போது தொடும், தளரும்போது விலகும். அழுத்தம் கூடக் கூட மின்னழுத்தமும் கூடும். அதை வைத்தே இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்று அளக்கலாம்.

பெரியப்பா: அட, எங்கள் டைனமோ! கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, ஒழுங்கையே கூடி ரேடியோவில் செய்தி கேட்கும். ஆனால் டைனமோவை டயரில் தட்டிவிட்டால் பெடல் இறுகும் பிள்ளை. என்னுடையது களைத்த இதயம். அதற்குச் சுமை இல்லையா?

நான்: நல்ல கேள்வி பெரியப்பா. இதயம் ஏறக்குறைய 1 வாட் வேலை செய்கிறது. பேஸ்மேக்கருக்குச் சுமார் 10 மைக்ரோவாட் போதும், இலட்சத்தில் ஒரு பங்கு. அது சுமையில்லை. ஆனால் துடிக்கிற தசையோடு ஒன்றைப் பொருத்தி வைப்பது வேறு கதை. அதைத்தான் இன்னும் ஆராய்கிறார்கள்.

மாமா (கனடா): பற்றரி இல்லாத சென்சரை மனிதருக்கும் வைக்கிறார்களே?

நான்: ஓம் மாமா, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் வைப்பது. அமெரிக்காவில் 2014 இல் அனுமதி கிடைத்தது. அதற்குச் சக்தி வெளியிலிருந்து வருகிறது. நோயாளி ஒரு தலையணையில் படுத்தால் அது ரேடியோ அலையால் வாசிக்கும். கால் வீங்கி மூச்சு வாங்குவதற்குப் பல நாள் முன்பே அழுத்தம் ஏறுவது தெரியும். கிளினிக்குக்கு விடிய முன் வான் பிடிக்கிற எங்கள் சனத்துக்கு அப்படியொன்று வர வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை. ஆனால் அது அளக்க மட்டுமே, துடிக்க வைக்காது.

நான்: பெரியப்பா, பெடல் நின்றால் ரேடியோ என்னவாகும்?

பெரியப்பா: நின்றுவிடும்.

நான்: இதயம் தடுமாறும் நேரத்தில்தான் உங்களுக்குப் பேஸ்மேக்கர் வேண்டும். அந்த நேரத்தில் டைனமோவும் தடுமாறும். முன்கூட்டியே சேமித்த மின்சாரம் வேண்டாமா?

பெரியப்பா: விளங்குகிறது.

பெரியம்மா: புதன்கிழமை எத்தனை மணிக்கு?

தம்பி: 4 மணிக்கு வான் வரும். கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம்.

நான்: நான் அறிவியல் நகரில் ஏறுகிறேன். பெரியம்மா, செல் துண்டு இருப்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும், ஸ்கான் எடுக்கும்போது அது முக்கியம்.

பெரியப்பா: பழைய டைனமோ பத்தாயத்தடியில் கிடக்கும். கொண்டு வரவா பிள்ளை?

நான்: கொண்டு வாருங்கள் பெரியப்பா. லாபில் கழற்றிப் பார்க்கலாம்.