சிம்சோன் விழுந்தது தெலீலாள் மடியிலா, அதற்கு முன்பேயா?

கருங்கல்பாளையத்தான் (ஈரோடு)

எங்கள் சபை வாலிபர் வகுப்பில் இப்போது வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறோம். மகாபலசாலி சிம்சோன் பகுதி வந்ததும் ஒரு பெரியவர், "பொம்பளை சகவாசம் ஆளைக் கவுத்திருச்சு, பாடம் அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சிம்சோனின் பலத்தின் ரகசியத்தை நச்சரித்து வாங்கி, இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரிடம் அவனைப் பிடித்துக்கொடுத்த தெலீலாள் வருவது 16ஆம் அதிகாரத்தில். ஆனால் 14ஆம் அதிகாரத்திலேயே எல்லாம் ஆரம்பித்துவிடுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே நசரேயனாக, அதாவது தேவனுக்கென்று விரதத்தோடு, பிரித்தெடுக்கப்பட்டவன் சிம்சோன். திம்னாத்தில் ஒரு பெலிஸ்தப் பெண்ணைப் பார்க்கிறான். நம் ஜனத்தில் பெண் இல்லையா என்று பெற்றோர் கேட்டால், அவள் என் கண்ணுக்குப் பிரியமானவள், அவளையே கொண்டுவாருங்கள் என்கிறான். செத்த சிங்கத்தின் உடலுக்குள் இருந்த தேனை எடுத்துத் தின்கிறான், பெற்றோருக்கும் கொடுக்கிறான், எங்கிருந்து எடுத்தேன் என்பதைச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது வேண்டும், யாருக்கும் கணக்குச் சொல்ல மாட்டேன். இந்த இரண்டும் அங்கேயே இருக்கின்றன.

இதற்கெல்லாம் நடுவில் அவன் பலம் குறையவே இல்லை. அஸ்கலோனில் 30 பேரை அடித்தான். கழுதையின் தாடை எலும்பை வைத்து 1,000 பேரை வீழ்த்தினான். காசாவில் ஒரு வேசியின் வீட்டுக்குப் போன இரவில்தான் பட்டணத்துக் கதவுகளைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு எப்ரோனுக்கு எதிரே இருக்கிற மலைவரை நடந்தான். தப்பு செய்த ராத்திரியிலும் பலம் வேலை செய்தால், தன்னிடம் ஏதோ கோளாறு என்று ஒருவனுக்கு எப்படித் தோன்றும்? வரம் இருப்பதைக் குணத்துக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டான். நாமும் அப்படித்தான் செய்கிறோம். கூட்டம் கூடுகிறது, ஜெபித்தால் நடக்கிறது, அப்புறம் அவரைக் கேள்வி கேட்பது எதற்கு என்று விட்டுவிடுகிறோம். பக்திமான்கள் கெட்டுப்போவது இந்த வழியில்தான்.

தாராபுரம் டீச்சர்

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் நீங்களும் அந்தப் பெரியவர் மாதிரியே சீக்கிரம் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் வேத ஆதாரம். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் விசுவாச வீரர்கள் பட்டியல் இருக்கிறது. 32ஆம் வசனத்தில் கிதியோன், பாராக், யெப்தா, தாவீது, சாமுவேல் ஆகியோருடன் சிம்சோன் பெயரும் வருகிறது. குணக்குறை அவனை இல்லாமல் ஆக்கிவிட்டது என்றால் அந்தப் பெயர் அங்கே ஏன்? திம்னாத் விஷயத்திலேயே, இது கர்த்தரால் வந்தது என்று பெற்றோர் அறியவில்லை என 14:4 சொல்கிறது. அந்த வசனத்தை வகுப்பில் தாண்டிப் போய்விடாதீர்கள். குறை அவனுடையது, ஆனால் காரியம் தேவன் கையில் இருந்தது.

இரண்டாவது, அவனுக்கு யார் இருந்தார்கள்? கிதியோனுக்கு 300 பேர். பாராக் பின்னால் 10,000 பேர். சிம்சோனுக்கு ஒருவரும் இல்லை. யூதாவிலிருந்து 3,000 பேர் கிளம்பி வந்தார்களே, எதற்கு? அவனைக் கட்டிப் பெலிஸ்தரிடம் ஒப்படைப்பதற்கு! 20 வருஷம் நியாயம் விசாரித்தவனிடம் போய், ஐயா, நீங்கள் போகிற பாதை சரியில்லை என்று ஒருவர் சொன்னதாக ஒரு வரி இல்லை. தாவீது ராஜா பிறன் மனைவி பத்சேபாள் விஷயத்தில் விழுந்தபோது நாத்தான் தீர்க்கதரிசி வந்து நேருக்கு நேர் நின்றான். சிம்சோனுக்கு நாத்தான் இல்லை. வலிமையான ஆள் என்றால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப்போகிற ஜனத்துக்கும் அந்த வீழ்ச்சியில் பங்கு உண்டு.

சிங்கத்தின் உடலைப் பற்றி ஒன்று. எண்ணாகமம் 6ஆம் அதிகாரம் நசரேயனுக்குத் தடுப்பது மனிதப் பிரேதத்தை. தாய் தகப்பன் இறந்தால்கூட அருகே போகக் கூடாது என்பது அந்த இடம். மிருகத்தின் உடலைத் தொட்டதை விரதத்தை முறித்ததாகச் சொல்வது பிரசங்கங்களில் ஏறிவந்த வழக்கம்.

கருங்கல்பாளையத்தான் (ஈரோடு)

டீச்சர், நான் விரதம் முறிந்தது என்று எழுதவில்லையே. மறைத்தான் என்றுதான் எழுதினேன். தின்னக் கொடுத்தவர்களிடமே மறைத்தான். என் வாதத்துக்கு அது போதும்.

நாத்தான் இல்லை என்கிறீர்கள். சிம்சோனைப் பெற்ற மனோவாவும் அவன் மனைவியும் சொன்னார்கள்தானே? சொன்னதற்கு என்ன பதில் கிடைத்தது? அதற்குப் பிறகு அவர்கள் அவனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. தாவீது நாத்தான் சொன்னதும் நான் பாவஞ்செய்தேன் என்றான், அதனால் நாத்தான் வந்தது பலித்தது. சொன்னால் கேட்காத ஆளுக்கு நாளாவட்டத்தில் சொல்ல ஆள் இருக்காது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊரையும் ஆளையும் குறிப்பிட மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பவர், மஞ்சள் மண்டியில் அவர் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு. சபை ஆட்கள் அவரிடம் சீட்டு போட்டார்கள். யாரும் ரசீது கேட்கவில்லை, கேட்டால் அவர் விசுவாசத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று கூச்சம். சீட்டு உடைந்தது. கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் போன வீடுகள் எனக்குத் தெரியும். அவர் ஜெபித்தது பொய் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. கணக்குக் கேட்டால் கோபம் வரும் என்ற அந்த ஒரு குணம்தான் அவரையும் கவிழ்த்தது, நம்பினவர்களையும் கவிழ்த்தது.

பூண்டிக்காரன் (திருமுருகன்பூண்டி)

நான் சைவன். நடுவில் வருவதற்கு மன்னியுங்கள், விஷயம் எங்களுக்கும் பொதுவானது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில்தான் நாயன்மாரான சுந்தரர் கொண்டுவந்த பொன்னையும் பொருளையும் வேடர்கள் பறித்தார்கள். பறித்தவர்கள் சிவபூதங்கள் என்பது வரலாறு, இன்றும் வேடுபறித் திருவிழா நடக்கிறது. வழிப்பறி நடக்கிற இந்த ஊரில் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடி வாங்கிக்கொண்டு போனார். பக்கத்து அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனை மீட்டதும் அவர் பதிகம்தான். அவ்வளவு உரிமை, சிவனுக்கே தோழர் என்ற பொருளில் தம்பிரான் தோழர் என்றே பெயர்.

அப்படிப்பட்டவர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூர் வசந்த விழா நினைவில் இருக்கிறது, அங்கே போகாமல் அவரால் இருக்க முடியாது. அதனால் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்தடியில் போய் இரும் என்று இறைவனிடமே ஏற்பாடு செய்தார். இறைவன் சங்கிலியார் பக்கத்துக்குத் தகவல் சொல்லி, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கச் செய்துவிட்டார். பிறகு சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயின.

டீச்சரம்மா சொல்வதுபோல் அவர் பக்தி அழியவில்லை. ஆனால் தோழமை தண்டனையைத் தடுக்கவும் இல்லை. பெண்ணிடம் சாமர்த்தியம் காட்டியது சின்ன விஷயம், பக்தி பெரிய விஷயம் என்று இறைவன் தராசில் வைத்துக் கழித்துக்கொள்ளவில்லை. என் பிழையைப் பொறுத்துக்கொள்வீர் என்ற நினைப்பில்தான் பிழை செய்தேன் என்று திருவெண்பாக்கத்தில் அவரே பாடுகிறார். அங்கே கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். இடக்கண் காஞ்சிபுரத்தில், வலக்கண் திருவாரூரில். வழி நெடுக நின்று நின்று தன் குறையைச் சொல்லிக்கொண்டே போனார்.

தப்பு செய்தும் சிம்சோன் பலம் குறையவில்லை என்று ஈரோட்டுத் தம்பி சொன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே நன்றாகத் தெரிகிறது. சுந்தரர் எல்லையைத் தாண்டியதுமே இறைவன் தண்டித்துவிட்டார். சிம்சோனுக்கு 20 வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. எது கருணை என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னிமலை நெசவு

எல்லோரும் பெரியவர்களின் குறையை எண்ணுகிறீர்களே, குறை இல்லாதவர் யார்? எங்கள் அப்பாரு நடக்க முடிந்த காலமெல்லாம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போனவர். வாய்க்கால் தண்ணி முறையில் வந்த தகராறில் தன் தம்பி வீட்டோடு கடைசிவரை பேசவில்லை. வீம்பு பிடித்தவர்தான். அதனால் அவர் பக்தி கெட்டுவிட்டதா? காவடியைத் தூக்கியது உண்மை, கால் வெடித்து ரத்தம் வந்தது உண்மை. குணம் வேறு, பக்தி வேறு. சாமி பார்த்துக்கொள்ளும், நாம் ஏன் கணக்கெடுக்க வேண்டும்?

அனுப்பர்பாளையம் அக்கா

சென்னிமலை தம்பி, உங்கள் அப்பாருவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தத் தம்பி வீட்டுப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா? நல்லது கெட்டதுக்குப் பெரியப்பன் வாசல் மிதிக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அவர் எடுத்த காவடி என்னவாகத் தெரிந்திருக்கும்?

இந்த இழை முழுக்க எல்லோரும் விழுந்த ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். திம்னாத் பெண்ணைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கல்யாண விருந்தில் விடுகதை போட்டது சிம்சோன். விடையை வாங்கித் தராவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் கொளுத்துவோம் என்று விருந்துக்கு வந்தவர்கள் அவளை மிரட்டினார்கள். பயத்தில் அழுது அழுது விடையை வாங்கினாள். அவன் கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டான். அவளை அவனுடைய தோழனுக்கே கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவன் 300 நரிகளைப் பிடித்து, வால்களைக் கட்டி, பந்தம் ஏற்றிப் பயிரைக் கொளுத்தினான். பெலிஸ்தர் வந்து அவளையும் அவள் தகப்பனையும் சுட்டெரித்தார்கள். எதற்குப் பயந்து விடையைச் சொன்னாளோ அதே சாவுதான் வந்தது. 15ஆம் அதிகாரம் 6ஆம் வசனம். அவளுக்குப் பெயர்கூட எழுதவில்லை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவள். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் காலையில் ஜெபம் பண்ணித்தான் ஷிப்ட் தொடங்கும். முதலாளி கண்ணீரோடு ஜெபிப்பார், நடிப்பு இல்லை. சனிக்கிழமை ஓவர்டைம் கூலி கேட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். எங்களோடு வேலை செய்த ஒரு பிள்ளை, இனி எந்தச் சபைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருடைய விசுவாசம் அப்படியே இருக்கலாம். அந்தப் பிள்ளையின் விசுவாசம் போய்விட்டது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

தாராபுரம் டீச்சர்

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். திம்னாத் பெண்ணை வகுப்பில் கட்டாயம் பேச வேண்டும்.

ஆனாலும் என் இடத்தை விட்டு நான் நகரவில்லை. கண் பிடுங்கப்பட்டு, விலங்கிடப்பட்டு, சிறையில் மாவரைத்துக்கொண்டிருந்த மனிதன் கடைசியில் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான். தேவன் கேட்டார், திரும்பின பலத்தால் பெலிஸ்தர் கூடியிருந்த கோயிலின் தூண்களைச் சாய்த்து அவர்களோடு தானும் மடிந்தான். குறைதான் கடைசி வார்த்தை என்றால் அந்த ஜெபத்துக்குப் பதில் வந்திருக்கக் கூடாது.

கருங்கல்பாளையத்தான் (ஈரோடு)

அந்த ஜெபத்தில் என்ன கேட்டான் டீச்சர்? என் இரண்டு கண்களுக்காகப் பழிவாங்க வேண்டும் என்றுதான் கேட்டான். என் ஜனத்துக்காக என்று ஒரு வார்த்தை இல்லை, நான் தவறினேன் என்றும் இல்லை. அதற்கு முன்பு அவன் ஜெபித்ததாக வருவது ஒரே இடம்தான், லேகி என்ற இடத்தில் தாகம் எடுத்தபோது. கண்ணுக்குப் பிரியமானவள் என்று தொடங்கியவன், கண்ணுக்காகப் பழி என்று முடிக்கிறான். குணம் அப்படியே இருக்கிறது.

நடந்ததைப் பாருங்கள். பெலிஸ்தரின் கையிலிருந்து இஸ்ரவேலை இரட்சிக்கத் தொடங்குவான் என்பது பிறக்கும் முன்பே தூதன் சொன்னது. தொடங்கினான், அதோடு நின்றது. பெலிஸ்தர் தொல்லை சாமுவேல், சவுல், தாவீது காலம்வரை நீண்டது. படை திரட்டவில்லை, ஒருவனையும் பழக்கிவிடவில்லை. உயிரோடிருந்தபோது கொன்றவர்களைவிடச் சாகும்போது கொன்றவர்கள் அதிகம் என்று வேதமே சொல்கிறது. சிலர் இதைப் பெருமையாகப் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அதைப் படித்தால் வேதனைதான் வருகிறது.

தாராபுரம் டீச்சர்

அப்படிப்பட்ட அரைகுறை ஜெபத்துக்கும் பதில் வந்தது என்பதுதான் தம்பி என் நம்பிக்கை. என் ஜெபங்களிலும் முழுசுத்தமானது ஒன்றும் இல்லை.

பூண்டிக்காரன் (திருமுருகன்பூண்டி)

சென்னிமலைத் தம்பிக்கு ஒன்று. குணம் வேறு, பக்தி வேறு என்றால் சுந்தரர் கண்ணை இழந்திருக்க வேண்டியதே இல்லை. உங்கள் அப்பாரு ஊர் ஊராக நடந்த அந்த உறுதிதான் தம்பி வீட்டு வாசலுக்கு நாலு எட்டு வைக்க விடாமலும் தடுத்திருக்கிறது. நம் பக்கத்தில் அதை வைராக்கியம் என்று மெச்சியே வளர்க்கிறோம்.

சென்னிமலை நெசவு

அவர் செத்தபோது சின்ன அப்பாரு வந்து கொள்ளி வைக்கும்வரை நின்றார், அதுவரைக்கும் நான் சொல்ல முடியும். மற்றது எங்கள் குடும்பத்து விஷயம். குணம் பற்றிப் பூண்டி அண்ணன் சொன்னதை மறுக்கவும் இல்லை, முழுசாக ஏற்கவும் இல்லை.

அனுப்பர்பாளையம் அக்கா

ஈரோட்டுத் தம்பியிடம் நேரடியாக ஒரு கேள்வி. சீட்டு நடத்தியவர் இப்போது சபைக்கு வருகிறாரா? வந்தால் என்ன செய்கிறீர்கள்?

கருங்கல்பாளையத்தான் (ஈரோடு)

வருகிறார் அக்கா, கடைசி வரிசையில் உட்கார்கிறார். மறுபடி அவரை ஜெபக்கூட்டம் நடத்தச் சொல்லலாம் என்று சிலர் கேட்கிறார்கள். பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கொடுத்து முடிக்கும்வரை மேடை வேண்டாம் என்பது என் கருத்து. பணம் இழந்தவர்களில் இரண்டு குடும்பம், இப்போதே நடத்தட்டும் என்கிறது.

தாராபுரம் டீச்சர்

ஜெபிக்கட்டும் தம்பி. ஜெபிக்க வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? சபைப் பணம் மட்டும் அவர் கைக்குப் போகக் கூடாது, கொடுத்து முடித்த பிறகும் போகக் கூடாது. அதை அவருடைய முகத்துக்கு நேரே, அன்பாக, உங்கள் மூப்பர்களில் ஒருவர் சொல்ல வேண்டும்.

அனுப்பர்பாளையம் அக்கா

மூப்பர் மட்டும் போதாது டீச்சர். அந்த இரண்டு குடும்பம் சரி என்கிறது, மற்ற குடும்பங்களைக் கேட்டார்களா? பணம் போன வீட்டுப் பெண்களை உட்காரவைத்துக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு பண்ணச் சொல்லுங்கள்.

கருங்கல்பாளையத்தான் (ஈரோடு)

கேட்கவில்லை அக்கா. வர ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்களிடம் இதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன்.